அந்த ஒரு வரியை யார் திருத்துவாங்க?

ராத்திரி பதினொன்றரை மணி. மெஸ் சப்பாத்தி செரிச்சு, ரூம்மேட் குறட்டை விட ஆரம்பிச்சாச்சு. நீங்க மட்டும் லேப்டாப் முன்னாடி. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக ஏதோ ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்றீங்க. கையேட்டில் என்ன போட்டிருக்கோ, அதை ஒரு கமா கூட மாத்தாம அப்படியே டைப் பண்றீங்க. என்டர் தட்டினா... 'இப்படி ஒரு ஆப்ஷனே கிடையாதே' என்று சொல்லிவிட்டு சாஃப்ட்வேர் படுத்துக்கொள்கிறது.

உடனே நமக்கு என்ன தோணும்? 'நாமதான் ஏதோ சொதப்பிட்டோம்'! அன்இன்ஸ்டால், மறுபடி இன்ஸ்டால், ரீஸ்டார்ட், ஒரு டீ, மறுபடி ரீஸ்டார்ட். மூணு மணிக்குத்தான் விஷயம் புரியும். சாஃப்ட்வேர் மாறிடுச்சு, கையேடு மாறலை. அவ்வளவுதான் மேட்டர்.

உங்களுக்குப் போனது ஒரு ராத்திரி தூக்கம். போகட்டும். ஆனா, இதே மாதிரி ஒரு பழைய வரியை நம்பி, உலகத்தின் வேறொரு மூலையில் ஒருத்தர் தன் அடையாளத்தை மறைக்கப் பார்க்கிறார்னு வைங்க. தன்னோட மெயிலை யார் படிக்கிறாங்களோ என்று பயப்படுகிற ஒரு பத்திரிகையாளர். அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பிக்க உதவி தேடுகிற ஒரு பெண். அவங்க கையில் இருக்கிற கையேட்டில் ஒரு வரி தப்பா இருந்தா? அந்த வரியைத் திருத்துகிற வேலையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போறோம். சம்பளம் இல்லை, புகழ் ரொம்பக் குறைவு. ஆனா செய்ய ஆள் தேவை. அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.

வெங்காயம்... உரிச்சா என்ன இருக்கு?

நம்ம ஊரில் ஒண்ணுமில்லாத விஷயத்தை 'வெங்காயம்' என்று சொல்லி ஒதுக்குவோம். ஆனா, கம்ப்யூட்டர் உலகத்தில் வெங்காயத்துக்குப் பெரிய மரியாதை. 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் மூணு பேர் - டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் - ஒரு ஐடியா பிடித்தார்கள். இன்டர்நெட்டில் போகிற தகவலை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா என்க்ரிப்ட் பண்ணி, வழியில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு தோலை மட்டும் உரிச்சு அடுத்த கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிட்டால்? யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போகுது - இரண்டும் சேர்ந்து நடுவில் இருக்கிற எவருக்கும் தெரியாது!

அந்த ஐடியாதான் பிறகு டார் ஆனது. ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன் இருவரும் சைவர்சனோடு சேர்ந்து உருவாக்க, 2002 அக்டோபரில் நெட்வொர்க் ஓடத் தொடங்கியது. 2006-ல் டார் ப்ராஜெக்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு பிறந்தது. சோர்ஸ் கோடு எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது.

நீங்க டார் வழியா ஒரு சைட்டுக்குப் போனால், வழக்கமா மூணு ரிலேக்களைத் தாண்டணும். முதல் ரிலேவுக்கு உங்களைத் தெரியும், நீங்க எங்கே போறீங்கன்னு தெரியாது. நடு ரிலேவுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ரிலேக்களை மட்டும் தெரியும். கடைசி ரிலேவுக்கு - அதுக்குப் பேர் எக்ஸிட் - போகிற இடம் தெரியும், நீங்க யாருன்னு தெரியாது. இந்த ரிலேக்களை நடத்துறது யார்? உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள். காலேஜ்கள், சின்னச் சின்ன அமைப்புகள், வீட்டு மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓடவிட்டிருக்கிற தனி ஆட்கள். இவங்களில் பலர் புரோகிராமர் இல்லை. இவங்களுக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் பேசுகிற ஒரே ஆள்... கையேடு!

ஒரே ஃபைல், நூற்றுக்கணக்கான ஸ்விட்ச்

டாருக்கு ஒரு செட்டிங்ஸ் ஃபைல் உண்டு. பேர் டார்ஆர்சி. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ஒரு வரிக்கு ஒரு ஆப்ஷன்: முதலில் பேர், பக்கத்தில் மதிப்பு. 'சாக்ஸ்போர்ட் 9050' என்று போட்டால், உங்க கம்ப்யூட்டரில் இருக்கிற மற்ற புரோகிராம்கள் அந்த 9050-வது கதவைத் தட்டி டார் நெட்வொர்க்குக்குள் போகலாம். 'நிக்நேம்' என்று போட்டால் உங்க ரிலேவுக்குப் பேர் வைக்கலாம், 19 எழுத்துக்குள்ளே. இப்படி நூற்றுக்கணக்கான ஆப்ஷன்கள்.

இவை எல்லாத்துக்கும் விளக்கம் இருக்கிற இடம் மேன் பேஜ். லினக்ஸ் லேபில் உட்கார்ந்தவங்களுக்கு இந்த வார்த்தை பழக்கம்தான். ஒவ்வொரு ஆப்ஷனும் என்ன செய்யும், என்ன மதிப்பு எடுக்கும், நீங்க ஒண்ணுமே போடலைன்னா தானா எது அமையும் என்று அதில் இருக்கும். தானா அமைகிற அந்த மதிப்புக்குப் பேர்தான் டிஃபால்ட்.

இங்கேதான் சிக்கல். கோடு எழுதுறவர் ஒரு ராத்திரியில் டிஃபால்ட்டை மாற்றிவிடுவார். ஒரு எழுத்து, ஒரு எண். சாஃப்ட்வேர் உடனே மாறிவிடும். மேன் பேஜ் அப்படித் தானா மாறாது. யாராவது ஒருத்தர் உட்கார்ந்து மாற்றணும். மாற்றலைன்னா என்ன ஆகும்? நாலு உதாரணம் பார்ப்போம்.

ஒண்ணு: தானா எக்ஸிட் ஆன கதை

பல வருஷங்களா டாரில் ஒரு பழக்கம் இருந்தது. ரிலே நடத்தலாம்னு ஆசைப்பட்டு, எக்ஸிட் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் விட்டால், உங்க ரிலே தானா எக்ஸிட் ஆகிவிடும்! 'எனக்கு எக்ஸிட் வேண்டாம்' என்றால் நீங்கதான் 'எக்ஸிட்பாலிசி' என்ற வரியில் எல்லாத்தையும் தடுத்து எழுதணும்.

எக்ஸிட் ஆனால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கறீங்களா? யாரோ ஒருத்தர் டார் வழியா வந்து எங்கேயோ எதையோ எழுதினால், வெளியே தெரிகிற ஐபி முகவரி எக்ஸிட் நடத்துறவருடையது. 2017 ஏப்ரலில் மாஸ்கோவில் ஒரு கணித ஆசிரியரை போலீஸ் பிடித்தது. போராட்டத்துக்கு அழைப்பு விடுத்த பதிவுகள் அவருடைய ஐபி முகவரியிலிருந்து வந்ததாம். அவர் வீட்டில் ஓடியது ஒரு டார் எக்ஸிட் ரிலே. சிறை, வீட்டுக் காவல் என்று மாசக்கணக்கில் அலைந்தபிறகு, 2018-ல்தான் அவர் மேலிருந்த வழக்கு கைவிடப்பட்டது.

எக்ஸிட் நடத்துறோம் என்று தெரிந்து நடத்துறவருக்கே இந்தப் பாடு. தெரியாமலே எக்ஸிட் ஆனவர் நிலைமையை நினைச்சுப் பாருங்க! 2018-ல் சோதனைக்கு வந்த 0.3.5 வரிசையில் இந்தப் பழக்கத்தை மாற்றினார்கள். இப்போ நீங்களா வெளிப்படையா கேட்டால்தான் எக்ஸிட். நல்ல மாற்றம்.

ஆனா, இந்த மாற்றத்தோடு எத்தனை வரிகள் பழசாகிப் போச்சு பாருங்க. 'எக்ஸிட்ரிலே' என்ற ஆப்ஷனின் விளக்கம், 'எக்ஸிட்பாலிசி'யின் விளக்கம், கூடவே வருகிற மாதிரி டார்ஆர்சி ஃபைலில் இருக்கிற குறிப்புகள்... கோடில் மாறினது ஒரு இடம், கையேட்டில் மாற வேண்டியது பல இடம். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை விட்டால், படிக்கிறவர் எதை நம்புவார்?

ரெண்டு: ஒரு டெராபைட்னா எவ்வளவு?

சின்ன கணக்கு. வாடகை சர்வர் ஒண்ணு எடுக்கறீங்க. மாசம் மொத்தம் 1 டெராபைட். அதுக்கு மேலே போனால் பில் எகிறும். டாரில் 'அக்கவுண்டிங்மேக்ஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கு. அதில் 1 டெராபைட் என்று போட்டுவிட்டு நிம்மதியா தூங்கப் போறீங்க. மாசக் கடைசியில் ஷாக்! ஏன்?

டிஃபால்ட்டில் அந்த வரம்பு, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனி. வந்தது 800 ஜிபி, போனது 900 ஜிபி என்றாலும் டாருக்குக் கவலையே இல்லை, ஓடிக்கிட்டே இருக்கும். இரண்டில் ஒன்று 1 டெராபைட்டைத் தொட்டால்தான் படுத்துத் தூங்கும். ரிலே என்பது வாங்கி அனுப்புகிற வேலைதானே? வருவதும் போவதும் ஏறக்குறைய சமம். ஆக, உங்க 1 டெராபைட் கிட்டத்தட்ட 2 டெராபைட் ஆகிவிடும்.

இதுக்கு வழி இருக்கு. 'அக்கவுண்டிங்ரூல்' என்ற இன்னொரு ஆப்ஷனில் 'சம்' என்று போட்டால் இரண்டையும் கூட்டிக் கணக்கு பார்க்கும். ஆனா, அந்த ஆப்ஷன் இருக்கிறதே தெரியாதவருக்கு? மேன் பேஜில் 800, 900 என்று எண்களைப் போட்டே விளக்கியிருக்கிறார்கள். நல்ல கையேடு என்பது இப்படித்தான். 'அதிகபட்ச அளவு' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால், இலக்கணப்படி அது சரி. படிக்கிறவர் பாக்கெட்டுக்குத்தான் ஓட்டை.

இதே மாதிரி பிட், பைட் குழப்பம் வேற. 'பேண்ட்விட்த்ரேட்'டில் 10 எம்பி என்று போட்டால் டார் அதை மெகாபைட்டாக எடுக்கும். நம்ம பிராட்பேண்ட் கம்பெனிகள் விளம்பரத்தில் போடுகிற 10 மெகாபிட். வித்தியாசம் எட்டு மடங்கு! அதனால்தான், சுருக்கமா எழுதாதீங்க, பைட்டா பிட்டா என்று முழு வார்த்தையையே எழுதுங்க என்று மேன் பேஜே புத்தி சொல்கிறது.

மூணு: ஜீரோன்னா ஜீரோ இல்லை

'நம்என்ட்ரிகார்ட்ஸ்' என்று ஒரு ஆப்ஷன். முதல் ரிலேவாக எத்தனை பேரை நிரந்தரமா வைத்துக்கொள்வது என்பது விஷயம். டிஃபால்ட் என்ன தெரியுமா? 0. அப்படின்னா முதல் ரிலேவே கிடையாதா? இல்லை. இங்கே 0 என்றால் 'நெட்வொர்க் என்ன சொல்லுதோ அதன்படி நட' என்று அர்த்தம். நெட்வொர்க் ஒண்ணும் சொல்லலைன்னா 1.

கோடை மட்டும் பார்த்து 'டிஃபால்ட்: 0' என்று எழுதிவிட்டுப் போனால் பொய் இல்லை. ஆனா படிக்கிற புதுசு, 'ஐயையோ, எனக்குப் பாதுகாப்பே இல்லையே' என்று பயந்து தானா ஒரு எண்ணைப் போட்டுவிடுவார். எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிற கூட்டத்தில் அவர் மட்டும் தனியாத் தெரிவார். பெயர் தெரியாமல் இருக்கிற விளையாட்டில் தனியாத் தெரிவதுதான் பெரிய ஆபத்து. திருவிழாக் கூட்டத்தில் எல்லாரும் மஞ்சள் வேட்டி கட்டியிருக்க, நீங்க மட்டும் கோட் சூட் போட்டு நின்றால்? அதேதான்!

நாலு: 16 எழுத்து, 56 எழுத்து

டாருக்குள்ளேயே இருக்கிற சைட்டுகளுக்கு ஆனியன் சர்வீஸ் என்று பேர். பழைய இரண்டாம் வெர்ஷனில் அதன் முகவரி 16 எழுத்து. மூன்றாம் வெர்ஷனில் 56 எழுத்து. பழசு 1024 பிட் ஆர்எஸ்ஏ சாவியை நம்பி இருந்தது. இன்றைய கணக்குக்கு அது போதாது. அதனால் 2021 ஜூனில் வந்த 0.4.6 வெர்ஷனோடு இரண்டாம் வெர்ஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

'குறிப்பிட்ட ஆட்கள் மட்டும்தான் என் சைட்டுக்குள் வரணும்' என்று பூட்டுப் போடுகிற வசதி இரண்டு வெர்ஷனிலும் உண்டு. ஆனா பூட்டும் சாவியும் வேற வேற! பழசில் டார்ஆர்சியில் ஒரு வரி. புதுசில் சர்வீஸின் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சாவி ஃபைல். பழைய வழிமுறையைப் படித்துவிட்டுப் புது சர்வீஸ் தொடங்குறவர், கதவைப் பூட்டிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. பூட்டு இல்லை என்று தெரிந்தால் ஜாக்கிரதையா இருப்போம். இருப்பதாக நினைச்சுக்கொண்டு இல்லாமல் இருந்தால்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முன்பு இதற்கு 'ஹிடன் சர்வீஸ்' என்று பேர். பிறகு 'ஆனியன் சர்வீஸ்' ஆனது. ஆனா டார்ஆர்சியில் இன்றும் 'ஹிடன்சர்வீஸ்டிர்', 'ஹிடன்சர்வீஸ்போர்ட்' என்றுதான் எழுதணும். ஏன் மாற்றலை? மாற்றினால் உலகம் முழுக்க ஏற்கெனவே எழுதி வைத்த ஃபைல்கள் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போகும். அதனால் விளக்கத்தில் புதுப் பேர், ஆப்ஷனில் பழைய பேர். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வேண்டியது யார் பொறுப்பு? ஆமாம், கையேட்டுக்காரர் பொறுப்பு!

சரி, எப்படிச் செய்யறது?

'நமக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதே' என்று பின்வாங்காதீங்க. இங்கே வேண்டியது ஷேக்ஸ்பியர் இங்கிலீஷ் இல்லை. நேரான, சின்னச் சின்ன வாக்கியம். சொல்லப்போனால், இங்கிலீஷை இரண்டாவது மொழியாகப் படித்த நமக்குத்தான் எந்த வாக்கியம் குழப்பும் என்று நல்லாத் தெரியும். மேன் பேஜைப் படிக்கிறவர்களில் பலர் நம்மை மாதிரிதான்.

முதலில் ஒரே ஒரு ஆப்ஷனை எடுத்துக்கோங்க. நூறையும் ஒரே நாளில் திருத்தக் கிளம்பாதீங்க. அந்த ஆப்ஷனிடம் ஆறு கேள்வி கேளுங்க. இது என்ன செய்யும்? ஒண்ணும் போடலைன்னா என்ன ஆகும்? மதிப்பின் அலகு என்ன - நொடியா, நிமிஷமா, பிட்டா, பைட்டா? வேற எந்த ஆப்ஷனோடு இது கைகோத்து நடக்கும்? எந்த வெர்ஷனிலிருந்து இப்படி? தப்பாப் போட்டால் என்ன ஆபத்து?

கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். சாக்ஸ்போர்ட்டை உங்க கம்ப்யூட்டருக்கு வெளியேயும் திறந்து வைத்தால், வழியில் போகிறவர் எல்லாம் உங்க கம்ப்யூட்டரைத் தங்கள் முகமூடியாகப் பயன்படுத்தலாம். 'சேஃப்லாகிங்' என்ற ஆப்ஷன் டிஃபால்ட்டில் 1, அதாவது பதிவேட்டில் முகவரிகளை அழித்துவிட்டுத்தான் எழுதும். ஏதோ கோளாறு பார்க்க அதை 0 ஆக்கச் சொன்னால், வேலை முடிந்ததும் திரும்ப 1 ஆக்கவும் சொல்லணும். சொல்லலைன்னா, அந்தப் பதிவேடு யார் கையில் கிடைக்குமோ!

அடுத்து, கையேட்டை நம்பாதீங்க, கோடைப் பாருங்க. டாரின் சோர்ஸில் கான்ஃபிக்.சி என்று ஒரு ஃபைல் இருக்கு. ஆப்ஷன்களின் பட்டியல் அங்கே இருக்கும்: பேர், வகை, டிஃபால்ட். மேன் பேஜில் இருக்கிற டிஃபால்ட்டும் அங்கே இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. பழைய ஆப்ஷன் ஒன்றை அங்கேயே 'காலாவதி' என்று குறித்து வைத்திருப்பார்கள். அந்த மாதிரி வரி உங்க டார்ஆர்சியில் இருந்தால் டார் எச்சரித்துவிட்டுத் தாண்டிப் போகும். முழுக்கத் தெரியாத பேர் என்றால் ஓடவே மறுக்கும்.

மூணாவது, ஓட்டிப் பாருங்க. 'டார் --வெரிஃபை-கான்ஃபிக்' என்ற கட்டளை, உங்க ஃபைல் சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். நெட்வொர்க்குக்குள் போகாது. 'டார் --லிஸ்ட்-டார்ஆர்சி-ஆப்ஷன்ஸ்' என்றால், இருக்கிற எல்லா ஆப்ஷனையும் வரிசையாக் கொட்டும். டைப் பண்றப்போ மட்டும் இங்கிலீஷில் அடிங்க, பாஸ்!

நாலாவது, எழுதுங்க. மேன் பேஜின் மூலம் ஆஸ்கிடாக் என்ற எளிமையான வடிவத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். எழுதி முடித்ததும் 'மேக் செக்-டாக்ஸ்' என்று ஓட்டினால், கோடில் இருந்து கையேட்டில் விட்டுப்போன ஆப்ஷன், கையேட்டில் இருந்து கோடில் இல்லாத ஆப்ஷன் இரண்டையும் ஒரு குட்டி புரோகிராம் கண்டுபிடித்துச் சொல்லும். ஆனா ஒன்று. பேர் இருக்கிறதா என்றுதான் அதற்குத் தெரியும். எழுதியிருப்பது உண்மையா என்று தெரியாது. அதுக்கு மனுஷன் வேணும்.

ஐந்தாவது, 'சேஞ்சஸ்' என்ற ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைல். நீங்க எதைத் திருத்தினீங்க, அந்தத் தப்பு எந்த வெர்ஷனிலிருந்து இருந்தது என்று இரண்டு, மூணு வரி. அடுத்த ரிலீஸின் மாற்றப் பட்டியலில் அது சேரும். அந்த இரண்டாவது விவரத்துக்காக நீங்க கிட்டில் பழைய வரலாற்றைத் தோண்ட வேண்டி வரும். ஏழு வருஷத்துக்கு முன் யாரோ மாற்றிய ஒரு வரி, அதை மாற்றியதற்கான காரணம், அப்போ நடந்த வாக்குவாதம் எல்லாம் கிடைக்கும். துப்பறியும் நாவல் படிக்கிற சுகம்!

பிறகு டாரின் கிட்லேபில் அக்கவுண்ட்டுக்கு விண்ணப்பித்து, திருத்தத்தை அனுப்ப வேண்டியதுதான். பதில் உடனே வராது. வந்தாலும் 'இந்த வார்த்தை சரியில்லை, அந்த வரியை மாற்று' என்று வரும். சுருங்கிப் போகாதீங்க. சிவப்பு மையில் திருத்தி வந்த ரெக்கார்ட் நோட்டைப் பார்க்காதவங்களா நாம?

அகர வரிசையும் ஒரு சாதனைதான்

'இதெல்லாம் ஒரு வேலையா?' என்று கேட்கறவங்களுக்கு ஒரு சேதி. டாரின் மேன் பேஜில் ஆப்ஷன்கள் ரொம்ப வருஷமா, அப்பப்போ சேர்ந்த வரிசையிலேயே கிடந்தன. நீங்க தேடுகிற ஆப்ஷன் எங்கே இருக்குன்னு ஆண்டவனுக்கே வெளிச்சம். கூகுளின் 'சீசன் ஆஃப் டாக்ஸ்' திட்டத்தில் அந்த வேலையை எடுத்துச் செய்தார்கள். பகுதி பகுதியாகப் பிரித்து அகர வரிசைப்படி அடுக்கி, வாக்கியங்களைத் திருத்தினார்கள். 2020-ல் வந்த 0.4.3 வரிசையின் மாற்றப் பட்டியலில் அந்த வேலை பதிவாகியிருக்கிறது. ஒரு வரி புது கோடு கிடையாது. ஆனா இன்று அந்தப் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருத்தருக்கும் சில நிமிஷம் மிச்சம்.

வேலை தீர்ந்துபோச்சோ என்று கவலைப்படாதீங்க. டாரை ரஸ்ட் மொழியில் புதுசா எழுதுகிற 'ஆர்ட்டி' என்ற திட்டம் 2022 செப்டம்பரில் தன் 1.0.0 வெர்ஷனைத் தொட்டது. அதில் செட்டிங்ஸ் ஃபைலின் வடிவமே வேற. பழைய டார்ஆர்சியில் கைப்பழக்கமானவங்களுக்குப் புதுசில் எது எங்கே என்று யாராவது சொல்லித் தரணும் இல்லையா?

இன்னொரு கேள்வியும் வரும். 'சாட்பாட்டைக் கேட்டா சொல்லிட்டுப் போகுது, கையேடு எதுக்கு?' அந்த சாட்பாட் எதைப் படித்து வளர்ந்தது? இதே கையேடுகளைத்தான். கூடவே, பத்து வருஷப் பழைய குறிப்புகளையும். செத்துப்போன ஆப்ஷனை உயிரோடு இருக்கிற மாதிரி தன்னம்பிக்கையோடு சொல்லும். மூலம் சரியா இருந்தால்தான் நகலும் சரியா இருக்கும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

ஆர்வக் கோளாறில் ஹாஸ்டல் நெட்டில் ரிலே ஓடவிடாதீங்க. காலேஜ் நெட்வொர்க்கில் எது செய்வதாக இருந்தாலும் முதலில் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்க. வீட்டு இணைப்பில் எக்ஸிட் வேண்டவே வேண்டாம். மாஸ்கோ ஆசிரியர் கதை ஞாபகம் இருக்கட்டும். கையேட்டைத் திருத்த ரிலே நடத்தணும் என்ற அவசியமே கிடையாது. சோர்ஸை இறக்கி, கம்பைல் பண்ணி, சரிபார்க்கிற கட்டளையை ஓட்டத் தெரிந்தால் போதும்.

தெரியாததை ஊகித்து எழுதாதீங்க. 'இப்படித்தான் இருக்கும்' என்று தோன்றினால் கோடைப் பாருங்க, இல்லைன்னா அங்கே இருக்கிறவங்களிடம் கேளுங்க. விட்டுப்போன வரியைவிடத் தப்பான வரி மோசம். வரி இல்லைன்னா வேற யாரிடமாவது கேட்பாங்க. தப்பா இருந்தா நம்பிடுவாங்க.

கடைசியா...

இந்த வேலையில் கைதட்டல் கிடையாது. நீங்க எழுதின வரியைப் படிச்சவர் யாருன்னு உங்களுக்குத் தெரியப் போறதே இல்லை. தெரியக் கூடாது என்பதுதானே டாரின் நோக்கமே! அவர் எந்த ஊர், என்ன பயம், எதுக்காக அந்த ராத்திரியில் அந்தப் பக்கத்தைத் திறந்தார் - ஒண்ணும் தெரியாது. ஆனா, அவர் கையேட்டில் இருக்கிறதை அப்படியே டைப் பண்ணி என்டர் தட்டினப்போ, சொன்னது சொன்னபடி நடந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு நிம்மதியாத் தூங்கப் போனார்.

அன்னிக்கு மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்தீங்களே, அப்போ உங்களைக் குழப்பின அந்த வரி எதுன்னு ஞாபகம் இருக்கா? அது எந்த சாஃப்ட்வேராகவும் இருக்கட்டும். ப்ராஜெக்ட் முடிஞ்சதும் மறந்துடாம, அங்கிருந்தே ஆரம்பிங்க. அடுத்த வருஷம் உங்க ஜூனியர் அதே வரியில் வந்து நிற்கப் போறார்!